அம்மாட முழங்காலுக்கு அக்குபங்சர், 60,000 கட்டலாமா?

மூண்டாம்மாடி:

வணக்கம் எல்லாருக்கும். அம்மாக்கு 67 வயசு, ரெண்டு முழங்காலும் தேய்மானம், வலது பக்கம் கூட. எக்ஸ்ரே எடுத்து ஒஸ்டியோஆத்ரைட்டிஸ் எண்டு சொல்லி இப்ப நாலு வருஷம். நாங்க இருக்கிறது வெள்ளவத்தையில லிப்ட் இல்லாத பிளட்ஸ், மூண்டாம் மாடி, மிச்சத்தை நீங்களே யோசிச்சுக் கொள்ளுங்கோ. முந்தி வெள்ளிக்கிழமை எண்டா மயூரபதி அம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வாற மனுசி, இப்ப இறங்கினா திரும்ப ஏற வேணுமே எண்டு இறங்கிறதே இல்ல. மரக்கறி வண்டிக்காரன்ட சத்தம் கேட்டா பல்கனியால கயித்தில பையைக் கட்டி இறக்குவா, காசும் அதுக்குள்ளயே போகும், மிச்சக் காசு கறிவேப்பிலையோட மேல வரும்.

டிக்லோஃபெனாக் எண்ட நோக்குளிசை போட்டுக்கொண்டிருந்தவ, அது கேட்டது. ஆனா சுகரும் பிரஷரும் இருக்கிற ஆள், போன முறை ரிப்போர்ட்டில சிறுநீரகத்தின்ட நிலையைக் காட்டிற கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினதால டொக்டர் அதை நிப்பாட்டிப் போட்டார். இப்ப பனடோலும் சித்தாலேப தைலமும் தான், வீடு முழுக்க அந்த வாசம். ஒப்பரேஷன் எண்ட சொல்லை எடுத்தாலே எழும்பிப் போயிடுவா.

இப்ப பக்கத்து வீட்டு அன்ரி சொல்லி காலி வீதியில ஒரு அக்குபங்சர் இடத்துக்குப் போய் விசாரிச்சன். 20 தரம் குத்த வேணுமாம், ஒரு தரம் 3,500, மொத்தமா முன்னுக்கே கட்டினா 60,000. தேஞ்ச சவ்வு திரும்ப வளரும் எண்டும் சொன்னாங்கள். கனடாவில இருக்கிற தம்பி நான் அனுப்புறன் கட்டி விடுங்கோ எண்டுறான், அப்பா அந்தக் காசுக்கு ரெண்டு வருஷம் ஓட்டோவில போய் வரலாம் எண்டுறார். நடுவில நான். ஆராவது முழங்காலுக்குச் செய்து பாத்த ஆக்கள் இருந்தா உண்மையைச் சொல்லுங்கோ, சுகர் இருக்கிற ஆளுக்குக் குத்தலாமா, எத்தினை தரத்தில தெரியும், இல்லாட்டி சும்மா காசு கரைக்கிற வேலையா?

பட்டறை மாமா:

தங்கச்சி, நான் கொட்டாஞ்சேன. செட்டியார் தெருவுல நக பட்டறையில 31 வருஷம் தரையில சம்மணம் போட்டு ஒக்காந்த காலு, நான் எழும்புனா முட்டி சத்தம் பக்கத்து கடைக்கு கேக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்ன நானும் போனேன், எட்டு தடவ.

ஊசின்னதும் ஆஸ்பத்திரி ஊசின்னு நெனச்சு பயப்பட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு. நம்ம பட்டறையில வளைக்கிற மெல்லிய கம்பி மாதிரி தான், முடிய விட கொஞ்சம் மொத்தம், மருந்து ஒண்ணும் ஏத்த மாட்டாங்க. முட்டி சில்லுக்கு கீழ ரெண்டு பக்கமும் குழி இருக்குல்ல, அதுல ஒண்ணு ஒண்ணு. அதுக்கு பேரே முழங்கால் கண்ணாம், அந்த டொக்டர் சொன்னாரு. அப்பறம் கால் எலும்புக்கு வெளிப்பக்கமா நாலு வெரல் கீழ ஒண்ணு, தொடயில சில்லுக்கு மேல ஒண்ணு. குத்துறப்ப எறும்பு கடி, ஆனா அவரு ஊசிய லேசா திருகுனாரு பாரு, உள்ளுக்குள்ள ஒரு கனம் எறங்குற மாதிரி, வலின்னும் சொல்ல முடியாது சொகம்னும் சொல்ல முடியாது. அது வரணுமாம், வந்தா தான் சரியா குத்திருக்குன்னு அர்த்தமாம். இருவது நிமிஷம் அப்பிடியே படுத்திருந்தேன், ரெண்டாவது நாள் கொறட்டயே விட்டுட்டேன்.

நாலாவது தடவைக்கு பொறகு படி எறங்குறது லேசாச்சு. பொய் சொல்லல, நிம்மதியா ரெண்டு ரெண்டர மாசம் இருந்தேன். பொறகு பழைய குருடி கதவ தொறடி தான். திரும்ப போக காசு இல்ல, பட்டறையில ஒரு முக்காலி போட்டு ஒசரமா ஒக்கார ஆரம்பிச்சேன், இப்ப அதுல தான் ஓடுது. சவ்வு வளரும்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. சொன்னா எழும்பி வந்திருப்பேன்.

முட்டிவேலை:

நான் ஃபிசியோ, கொழும்பில தான் வேலை, எங்க எண்டு வேண்டாம். நாளுக்குப் பத்து முழங்காலாவது பாக்கிறன், அக்குபங்சர் செய்யிற ஆளில்ல, அதை எதிர்க்கிற ஆளும் இல்ல.

முதல் விஷயம், அக்கா. சவ்வு வளரும் எண்டு சொன்ன இடத்தில காசு கட்டாதீங்கோ. தேஞ்ச குருத்தெலும்பை ஊசி வளர வைக்கும் எண்டதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல. ஊசியால ஆகக் கூடிக் கிடைக்கிறது நோக் குறைவு மட்டும் தான், அதுவே பெரிய விஷயம் தான், ஆனா அதை அதா விக்க வேணும். நோவும் எக்ஸ்ரேயும் எப்பவும் ஒத்துப் போறதும் இல்ல, படத்தில எலும்பு எலும்போட முட்டுற ஆள் சந்தைக்கு நடந்து போகும், படத்தில லேசாத் தேஞ்ச ஆள் கட்டிலை விட்டு எழும்பாது.

இனி ஊசி வேலை செய்யுமா எண்ட கேள்வி. இதுக்கு ஓம் எண்டும் சொல்லலாம் இல்லை எண்டும் சொல்லலாம், நான் ஏன் அப்பிடிச் சொல்றன் எண்டா, ஜெர்மனியில 2006ல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்தது, முழங்கால் தேய்மானம் உள்ள 1,007 பேர். மூண்டு கூட்டமாப் பிரிச்சாங்கள். ஒரு கூட்டத்துக்கு முறைப்படி அக்குபங்சர். இன்னொரு கூட்டத்துக்குப் புள்ளியே இல்லாத இடங்களில ஊசியை மேலோட்டமா குத்தி விட்டது, திருகுறதும் இல்ல. மூண்டாவது கூட்டத்துக்கு ஊசி இல்ல, டொக்டரைப் பாக்கிறதும் நோக்குளிசையும். ஃபிசியோ மூண்டு பேருக்கும் இருந்தது. 26 கிழமை கழிச்சுப் பாத்தா, நல்லா முன்னேறினவங்கள் முறையான ஊசியில 53 வீதம், சும்மா குத்தின ஊசியில 51 வீதம், ஊசி இல்லாதவங்கள் 29 வீதம்.

இதை ரெண்டு தரம் வாசிச்சுப் பாருங்கோ. ஊசி போட்டவங்கள் போடாதவங்களை விட நல்லா இருந்திருக்கிறாங்கள், அது பொய்யில்ல, பட்டறை மாமா சொன்னதும் பொய்யில்ல. ஆனா எங்க குத்தினது எண்டது பெரிசாக் கணக்கில வரல்ல. அப்ப நோவைக் குறைச்சது எது? படுத்து ஆறுதலா இருந்த இருவது நிமிஷமா, ஒருத்தர் அக்கறையாக் காலைத் தொட்டுக் கேட்டதா, நம்பிக்கையா, இல்லாட்டி எங்க குத்தினாலும் நரம்பில நடக்கிற ஏதாவதா? சண்டை இண்டைக்கும் முடியல்ல. பகிடி என்னெண்டா, ஜெர்மனி 2007ல இருந்து முழங்கால் தேய்மானத்துக்கு அக்குபங்சரை அரச சுகாதாரக் காப்புறுதியில சேர்த்துக் கொண்டது, இங்கிலாந்தில வைத்திய வழிகாட்டி எழுதுற நைஸ் எண்ட அமைப்பு 2014லயும் திரும்ப 2022லயும் இதுக்கு அக்குபங்சர் குடுக்காதீங்கோ எண்டு எழுதினது. அமெரிக்க வாத நோய் டொக்டர்மாரின்ட சங்கம் 2019 வழிகாட்டியில நிபந்தனையோட பரிந்துரைக்கலாம் எண்டு நடுவில நிண்டுட்டுது. ஜெர்மன்காரன் நோயாளிக்கு நோக் குறைஞ்சா போதும் எண்டுறான், இங்கிலீஷ்காரன் பொய் ஊசியை வெல்லாட்டி அதுக்கு ஏன் காசு எண்டுறான். உங்கட தம்பியும் அப்பாவும் மாதிரி தான்.

எனக்கு இதைவிட முக்கியமாப் படுறது 2007ல இங்கிலாந்தில வந்த இன்னொண்டு, 352 பேர். அதில எல்லாருக்கும் உடற்பயிற்சியும் ஆலோசனையும் குடுத்தாங்கள். சிலருக்கு அதோட உண்மையான ஊசி, சிலருக்கு நாடகத்தில குத்துற கத்தி மாதிரி முனை உள்ளுக்குப் போயிடுற பொய் ஊசி. ஆறு மாசத்தில பாத்தா, உண்மை ஊசி சேர்த்ததால மேலதிகமா ஒண்டும் வரல்ல. பயிற்சி ஒழுங்காச் செய்யிற ஆளுக்கு ஊசி பெரிசா எதையும் கூட்டாது எண்டு தான் நான் இதை விளங்கிக் கொள்றன். ஆனா எங்கட அம்மாமார் பயிற்சி செய்யிறதில்லையே, நோகுது எண்டு இருந்துடுவினம், இருக்க இருக்கத் தொடைத் தசை கரையும், தசை கரைய முழங்கால் இன்னும் நோகும். அந்த இடத்தில ஊசிக்கு ஒரு வேலை இருக்கு. நோக் குறையிற அந்த ரெண்டு மாசத்தில காலை அசைக்கப் பழக்கிப் போட்டா குடுத்த காசு வீண் போகாது. மாமாக்குத் திரும்பி வந்ததும் இதால தான் எண்டு நினைக்கிறன், மாமா குறை நினைக்க வேண்டாம்.

அம்மாக்கு இண்டைக்கே தொடங்கக் கூடியது: கதிரையில நிமிர்ந்து இருந்து ஒரு காலை நேர நீட்டி, பாதத்தைத் தன்பக்கம் மடக்கி, அஞ்சு எண்ணி இறக்கிறது. பத்துத் தரம், பிறகு மற்றக் கால். தொடையில கை வச்சுப் பாத்தா தசை இறுகிறது தெரிய வேணும், தெரியாட்டி முழங்கால் முழுசா நீளல்ல. ரெண்டாவது, உயரமான கதிரையில இருந்து கை ஊண்டாம எழும்பி இருக்கிறது. பதிஞ்ச செற்றியில வேண்டாம், அதில எழும்பினா அடுத்த நாள் என்னைத் தான் திட்டுவா. பொல்லு பிடிக்கிறதெண்டா நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில, அம்மாக்கு வலது கால் எண்டா இடது கை. முக்கால்வாசிப் பேர் மாறித் தான் பிடிக்கினம். படி ஏறேக்க நல்ல கால் முதல், இறங்கேக்க நோகிற கால் முதல். நிறை கூட எண்டா அதையும் பாருங்கோ, ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில நாலு கிலோப் பாரம் குறையுது எண்டு அளந்தே பாத்திருக்கினம். குளிசை நிப்பாட்டின டொக்டரிட்ட டிக்லோஃபெனாக் ஜெல் பூசலாமா எண்டு கேளுங்கோ, பூசினா இரத்தத்துக்குள்ள போறது குளிசையை விட நல்லாக் குறைவு, ஆனா கிரியாட்டினின் ஏறின ஆள் எண்டதால கேக்காம வாங்க வேண்டாம்.

சுகர் ஆளுக்குக் குத்தலாம். ஒவ்வொரு முறையும் புது ஊசி, பக்கட்டை உங்கட முன்னால உடைக்க வேணும். காலில புண், விறைப்பு இருந்தா முதலே சொல்லுங்கோ. ஊசியில கரண்ட் குடுக்கிற வகை எண்டா, இதயத்துக்கு பேஸ்மேக்கர் வச்ச ஆக்களுக்கு அது கூடாது. முழங்கால் திடீரெண்டு சிவந்து சுட்டு வீங்கி காய்ச்சலும் வந்தா ஊசிக்கும் என்னட்டயும் வராம நேர ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, அது தேய்மானமில்ல.

தெஹிவளை மகள்:

அக்கா ஃபிசியோ சொன்னதோட இதயும் சேத்துக்கங்க. எங்கட வாப்பாக்கும் முழங்கால், தொழுகைல சுஜூதுக்குப் போக ஏலாம கதிரைல தான் தொழுவாரு. ஒரு இடத்துல அக்குபங்சர் செய்ய போன, வாப்பா இரத்தம் கட்டாம ஈக்க வார்ஃபரின் குடிக்கிற ஆள், அவங்க ஒண்ணும் கேக்கல்ல, நாங்களும் சொல்லல்ல. வீட்டுக்கு வந்து சாரத்தத் தூக்கிப் பாத்தா குத்தின இடமெல்லாம் நீலம், ஒரு இடம் மாங்கொட்ட அளவு கன்றிப் போய் ஈக்கி. போன் எடுத்து கேட்டா அடுத்த முற வர முந்தி ரெண்டு நாள் குளிச நிப்பாட்டிட்டு வாங்கன்னு சொல்றாங்க. உம்மா ஓம் ஓம்னு கேட்டுட்டு ஈந்த, நல்ல வேள நான் கிளினிக்ல கேட்டேன், டொக்டர் ஏசின ஏச்சு இன்னும் காதுல ஈக்கி. முழங்கால் நோவுக்காக வார்ஃபரின் நிப்பாட்டினா ஸ்ட்ரோக் வந்தா யார் பொறுப்புன்னு கேட்டாரு. சரி தானே. இரத்தம் கட்டாம ஈக்க குடிக்கிற குளிச எதுவா ஈந்தாலும் முதல்லயே சொல்லுங்க, எந்தக் குளிசயும் அவங்கட சொல்லக் கேட்டு நிப்பாட்டாதீங்க. காசு கட்டினத்த திரும்ப தரவும் இல்ல. பெகேஜ் எடுக்க வேணாம்னு தான் நான் சொல்ற.

பழைய களுபோவில:

இந்தப் பிள்ளைகள் எல்லாம் 53 வீதம் 51 வீதம் எண்டு கணக்குப் பாக்கிறீர்கள், சரி. நான் 80களில களுபோவில ஆஸ்பத்திரியில பேராசிரியர் அன்ரன் ஜயசூரியாவின்ட அக்குபங்சர் கிளினிக்கைக் கண்ணால பாத்த ஆள். வெள்ளைக்காரர் பிளேன் ஏறி வந்து படிச்சிட்டுப் போன இடம் அது. பஸ்ஸில இறங்கிக் காலையில போனா வரிசை, வாங்கில இருக்கிற சனத்துக்குத் தலையிலயும் காலிலயும் ஊசி, அப்பிடியே கதைச்சுக்கொண்டு இருக்குங்கள். என்ட மாமியைக் கைத்தாங்கலாக் கூட்டிப் போனது, ஒரு மாசத்தில தானா நடந்து வந்து பஸ் ஏறினவ. அரசாங்க ஆஸ்பத்திரி, ஒரு சதம் வாங்கல்ல. இப்ப அதே ஊசிக்கு 60,000 எண்டா ஊசியில பிழையில்ல, மனுசரில தான் பிழை. கிழமைக்கு ஒண்டு குத்திப் போட்டு வேலை செய்யல்ல எண்டு ஆராய்ச்சி எழுதுறாங்கள். மாமிக்கு ஒண்டு விட்ட ஒருநாள் குத்தினது.

முட்டிவேலை:

ஐயா, அந்தக் கடைசி வரியில நியாயம் இருக்கு, மறைக்காமச் சொல்றன். சீனாவில 2021ல வந்த ஆராய்ச்சியில 480 பேருக்குக் கிழமைக்கு மூண்டு தரம், 8 கிழமை, மொத்தம் 24 தரம் குத்தினாங்கள். கரண்ட் குடுத்த ஊசியில 60 வீதம் பேருக்குப் பலன், பொய் ஊசியில 47 வீதம். அதில வித்தியாசம் தெரிஞ்சது தான். ஆனா பொய் ஊசிக்கும் 47 எண்டதைப் பாருங்கோ. மற்றது 3,500 படி 24 தரம் எண்டா 84,000, போய் வர ஓட்டோ வேற. மாமிக்குச் சும்மா கிடைச்ச மாதிரிக் கிடைச்சா நானே கூட்டிப் போய் விடுவன்.

மூண்டாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி, ஃபிசியோ உங்கட பதிலை பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில ஒட்டியிருக்கு. அம்மாட தொடையில கை வச்சுப் பாத்தன், வலது பக்கம் இறுகவே இல்ல, சும்மா கூழ் மாதிரி. அவவும் தொட்டுப் பாத்திட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தவ.

காலி வீதி இடத்துக்குப் போகல்ல. ஒவ்வொரு தரமும் தனித்தனியாக் காசு வாங்கிற இன்னொரு ஆளைப் பிடிச்சிருக்கு, எம்பிபிஎஸ் டொக்டர், சவ்வு வளருமா எண்டு நானே தெரியாத மாதிரிக் கேட்டன், சிரிச்சிட்டு இல்லை எண்டார். ஆறு தரம் பாத்து ஒண்டும் இல்லாட்டி வர வேண்டாம் எண்டும் அவரே சொல்லிட்டார். அப்பா பொல்லு வாங்கிக் கொண்டு வந்திட்டார், அம்மா அதைக் கதவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கிறா.

மூண்டாம்மாடி:

ஏழு கிழமை ஆச்சு, கேட்ட ஆக்களுக்காக எழுதுறன். ஆறு தரம் முடிஞ்சு போச்சு, மூண்டாவதில இருந்து இரவு நோ குறைஞ்சது எண்டு அம்மா சொல்றா, படியில இன்னும் பிடிக்குது. பின்னேர நாடகத்துக்கு நடுவில விளம்பரம் வந்தா கால் நீட்டுறது, அப்பா எண்ணுவார், நாலுக்குப் பிறகு அஞ்சுக்கு வர அவர் எடுக்கிற நேரத்தில வீட்டில சண்டை. டொக்டர் ஜெல்லுக்கு ஓம் எண்டார், காலையும் இரவும் பூசிறா, அடுத்த மாசம் திரும்ப இரத்தம் பாக்க வேணுமாம். ஊசியா ஜெல்லா கால் நீட்டினதா எண்டு என்னைக் கேட்டா எனக்குத் தெரியாது, அம்மாவைக் கேட்டா ஊசி, அப்பாவைக் கேட்டா பொல்லு. ஏழாவது தரத்துக்கு இப்போதைக்குப் போகல்ல.

கிழமைக்கு ரெண்டு தரம் கீழ இறங்கிறா. போன வெள்ளி கோயிலுக்கு, போகேக்க நடந்து, வரேக்க ஓட்டோ. திங்கக்கிழமை மரக்கறிக்காரனிட்ட நேர போய் நிண்டு ஒவ்வொரு கத்தரிக்காயாத் திருப்பிப் பாத்து, போன மாசம் கயித்தில அனுப்பின வெண்டிக்காய் முத்தல் எண்டு பழைய கணக்கையும் எடுத்திருக்கிறா. அவன் என்னைக் கண்டு கேக்கிறான், தங்கச்சி அம்மாக்கு அந்தக் கயிறு பழுதாப் போச்சா, வேணுமெண்டா நான் புதுசு வாங்கித் தாறன் எண்டு.